படிக்கவும் காசு, கையெழுத்துக்கும் காசு

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் மருத்துவத்துறை ஆள் இல்லை. டல்லாஸ்ல பொட்டி தட்டுறவன். எஞ்சினியரிங் படிச்சவன் உலகத்துல இருக்கற எல்லா விஷயத்துக்கும் கருத்து சொல்லுவான்னு நமக்கு ஏற்கனவே ஒரு கெட்ட பேரு இருக்கு. இன்னைக்கு அதை இன்னும் கொஞ்சம் வளர்த்துவிடப் போறேன். பதிவு நீளம். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

மேட்டர் என்னன்னா, அமெரிக்காவுல நர்ஸ் பிராக்டிஷனர்னு சொல்லப்படுறவங்க. சுருக்கமா என்.பி. சாதாரண நர்ஸ் இல்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்கு மேல மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ படிச்சு, தனியா ஒரு தேர்வு எழுதி, நோயாளியைப் பரிசோதிச்சு, நோய் என்னன்னு கண்டுபிடிச்சு, மருந்துச்சீட்டு எழுதறவங்க. இன்னைக்கு நாலு லட்சத்துக்கும் மேல இருக்காங்க. இங்கே இருக்கற நம்ம மக்கள் வார இறுதியில ஒண்ணா சாப்பிட உட்கார்ந்தா, பிரியாணி முடியறதுக்குள்ள யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சுடுவார். "டாக்டரைப் பார்க்கப் போனேன் சார், நர்ஸ் வந்து பார்த்துட்டுப் போறா. பில்லு மட்டும் முழுசா வருது!" சுத்தி இருக்கறவங்க எல்லாம் தலையை ஆட்டுவாங்க.

இதே புலம்பலை டாக்டர்கள் சங்கம் கொஞ்சம் நாகரிகமான இங்கிலீஷ்ல பண்ணுது. எங்க எல்லைக்குள்ள நர்ஸுங்க நுழையறாங்கன்னு ஒரு பிரசாரமே நடத்துது அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன். பதிலுக்கு நர்ஸ் சங்கங்கள், ஆராய்ச்சி எல்லாம் எங்க பக்கம், டாக்டர் கையெழுத்து எங்களுக்கு எதுக்குன்னு கேட்குது. ஒவ்வொரு மாநில சட்டசபையிலும் வருஷா வருஷம் இந்தக் குடுமிப்பிடி நடக்குது. ரெண்டு பக்கமும் தொடாம விடற கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த நர்ஸுக்கு யார் கத்துக்கொடுக்கறாங்க, அதுக்கு யார் காசு கொடுக்கறாங்க? என் கடுப்பு மொத்தமும் அந்தக் கேள்வி மேலதான்.

எனக்கு ஏன் இந்த அக்கறைன்னா, என் பெரியம்மா பொண்ணு ஹூஸ்டன்ல நர்ஸ். நாகர்கோவில் பக்கம். 2006ல இங்க வந்தவங்க. அன்னைக்கு நர்ஸ் பற்றாக்குறைக்காகவே தனியா ஒதுக்கின விசா கோட்டா ஒண்ணு இருந்தது, அதுல வந்தாங்க. அன்னையில இருந்து ஆஸ்பத்திரி வார்டுல பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நடு ராத்திரி டாக்டருக்கு போன் பண்ணி, "இந்தப் பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குறது சரியில்லை, நுரையீரல்ல தண்ணி கோக்குற மாதிரி தெரியுது, இந்த மருந்து போடலாமா"ன்னு கேட்டு, அவர் தூக்கக் கலக்கத்துல "ம்ம், போடு"ன்னு சொல்லி, அதை அவர் பேர்ல எழுதி வைக்கிற வேலையை எத்தனை தடவை பண்ணியிருப்பாங்கன்னு கணக்கே கிடையாது. முட்டியும் முதுகும் போயாச்சு. நாப்பது தாண்டின வயசுல என்.பி. படிக்கலாம்னு சேர்ந்தாங்க. பெரியவங்களையும் வயசானவங்களையும் பார்க்கற பிரிவு. பேரு அடல்ட்-ஜெரன்டாலஜி பிரைமரி கேர்.

பிரிவைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன், இங்கதான் பலர் வழுக்குறாங்க. ஒரு காலத்துல அடல்ட் நர்ஸ் பிராக்டிஷனர்னு தனியா ஒரு சான்றிதழ் இருந்தது. 2008ல நர்சிங் அமைப்புகள் எல்லாம் உட்கார்ந்து ஒரு பொது விதிமுறை போட்டாங்க. அதுக்கப்புறம் அதை முதியோர் மருத்துவத்தோட சேர்த்து ஒண்ணாக்கிட்டாங்க. நாட்டுல வயசானவங்க கூடிக்கிட்டே போறாங்க, அதனால நியாயமான முடிவுதான். ஆனா அதையே ரெண்டாப் பிரிச்சாங்க. வெளி கிளினிக்ல சர்க்கரை, பிரஷர்னு தொடர்ந்து பார்க்கறவங்க ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில, ஐசியூவுல, தீவிர நிலையில இருக்கறவங்களைப் பார்க்கறவங்க இன்னொரு பக்கம். எந்தப் பக்கம்னு படிப்புல சேரும்போதே முடிவு பண்ணணும். அஞ்சு வருஷம் கழிச்சு மனசு மாறினா, மறுபடி காலேஜ், மறுபடி ஃபீஸ், மறுபடி தேர்வு. இது போதாதுன்னு, வேலைக்கு ஆள் எடுக்கற கிளினிக் எல்லாம் குழந்தையில இருந்து கிழவி வரைக்கும் பார்க்கற ஃபேமிலி என்.பி.யைத்தான் முதல்ல தேடுது. மொத்த என்.பி.களில் சுமார் 70 சதவீதம் அந்த வகைதான். பெரியவங்களுக்கு வர்ற நோயை ஆழமா படிச்சவங்களுக்கு, "அஞ்சு வயசுப் பையனுக்கு காதுவலின்னா பார்க்க முடியாதே"ன்னு ஒரு கழிவு! நம்ம துறையில ஜாவா தெரிஞ்சவனை ஏன்டா பைத்தான் தெரியலைன்னு கேட்குற மாதிரிதான். ஆனா நமக்கு ரெண்டு வாரத்துல யூட்யூப் பார்த்து சமாளிச்சுட முடியும். அவங்களுக்கு அதுக்கு சட்டம் இடம் கொடுக்காது.

சரி, அக்கா சேர்ந்தது ஒரு ஆன்லைன் காலேஜ். பேரு வேண்டாம். பாடம் எல்லாம் வீட்டுல இருந்தே படிக்கலாம், வேலையை விட வேண்டியதில்லை. ஆனா ஒரு நர்ஸ் மருந்துச்சீட்டு எழுதக் கத்துக்கறது வீடியோ பார்த்து இல்லையே. நிஜ நோயாளி, நிஜ கிளினிக், பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்க அனுபவம் உள்ள ஒரு டாக்டரோ என்.பி.யோ வேணும். இவங்களை இங்க ப்ரிசெப்டர்னு சொல்றாங்க. 2022ல வந்த தேசிய தரக்கட்டுப்பாட்டின்படி குறைஞ்சபட்சம் 750 மணி நேரம் இப்படிப் பயிற்சி எடுக்கணும். அதுக்கு முன்னால வெறும் 500.

இப்ப கேளுங்க. அந்த ப்ரிசெப்டரைக் கண்டுபிடிக்கறது யார் வேலை? காலேஜ் வேலைன்னுதானே நினைப்பீங்க? செமஸ்டர் ஃபீஸ் வாங்குறவன் அவன்தானே. ஆனா அக்காவோட காலேஜ் அனுப்பின மெயில், "உங்கள் பகுதியில் தகுதியான ப்ரிசெப்டரைத் தேர்ந்தெடுத்து குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்கவும்"ங்கிற தோரணையில இருந்தது. தேர்ந்தெடுத்தாம்! காய்கறிக் கடையா?

அதுக்கப்புறம் நடந்ததைப் பார்த்தேன். லீவு நாள்ல ஹூஸ்டன் முழுக்க கார்ல சுத்தி, ஒவ்வொரு கிளினிக் வரவேற்பு மேஜையிலும் பயோடேட்டாவைக் கொடுத்துட்டு வர்றது. முப்பது, நாப்பது இடம். பாதி இடத்துல பேப்பரை வாங்கி வெச்சுக்குவாங்க, போன் வராது. சில இடத்துல, எங்களுக்கு இன்ன காலேஜோடதான் ஒப்பந்தம், வெளி ஆளை எடுக்க மாட்டோம்னு சொல்லுவாங்க. அவங்க வேலை பார்க்கற ஆஸ்பத்திரியிலேயே அதே பதில்! இத்தனை வருஷம் அந்தக் கட்டிடத்துல ராத்திரி பகல் பார்க்காம உழைச்சவங்களுக்கு, அங்கேயே கத்துக்க இடம் இல்லை. "மக்ளே, வேலைக்கு வந்தப்போ கூட இப்படி நான் யார் வாசல்லயும் போய் நின்னது இல்ல"ன்னு ஒரு நாள் போன்ல சொன்னாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.

எங்க பற்றாக்குறை இருக்கோ அங்க புரோக்கர் முளைப்பான்கிறது இயற்கை விதி. இதுக்கும் முளைச்சிருக்கான். ப்ரிசெப்டர் பிடிச்சுத் தர்ற கம்பெனிகள் இருக்கு, மணிக்கணக்குல ரேட்டு. அக்கா ஒரு ரொடேஷனுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு டாலர் அழுதாங்க. காலேஜ் ஃபீஸுக்கு மேல இது. நம்ம ஊர்ல ரேஷன் கார்டுக்கும் டிரைவிங் லைசென்ஸுக்கும் புரோக்கர் பிடிக்கறதைச் சொல்லிச் சிரிக்கிற என்.ஆர்.ஐ. கனவான்களே, கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பிப் பாருங்க.

ப்ரிசெப்டர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவர் ஒரு நாளைக்கு இருபது பேஷன்ட் பார்க்கணும், பார்த்தாத்தான் சம்பளம். பக்கத்துல ஒரு மாணவி நின்னா வேகம் குறையும். பெரும்பாலான காலேஜ்கள் அவருக்கு ஒரு நன்றிக் கடிதத்தைத் தாண்டி எதுவும் கொடுக்கறதில்லை. ஜார்ஜியா, மேரிலாந்து, ஹவாய் மாதிரி சில மாநிலங்கள்ல வரிச்சலுகை தர்றாங்க. அதுவும் பெரிய தொகை இல்லை.

இப்ப அந்தப் பக்கம் டாக்டருக்கு என்ன நடக்குதுன்னு பாருங்க. எம்.டி. முடிச்சு ரெசிடென்சி போறவருக்கு சம்பளம் உண்டு. கம்மி சம்பளம், பிழிஞ்சு எடுக்கற வேலை, வாரத்துக்கு 80 மணி நேரம் வரைக்கும் வாங்கலாம்னு விதி, எல்லாம் சரி. ஆனா அது சம்பளம். அவரைப் பயிற்றுவிக்கிற ஆஸ்பத்திரிக்கு மெடிகேர்ல இருந்து பணம் போகுது. 1965ல மெடிகேர் ஆரம்பிச்ச காலத்துல இருந்தே இந்த ஏற்பாடு. இன்னைக்கு வருஷத்துக்கு பத்து பில்லியன் டாலருக்கும் மேல. யார் பணம்? என் சம்பளச்சீட்டுல மாசாமாசம் பிடிக்கிறானே, அந்தப் பணம். டாக்டர் பயிற்சி பொதுநலம், அதனால பொதுப்பணம். தாராளமா போகட்டும்! ஆனா நர்சிங் கல்வி மொத்தத்துக்குமா சேர்த்து, டைட்டில் 8னு ஒரு சட்டத்தின் கீழ ஒதுக்கறது வருஷத்துக்கு சுமார் 300 மில்லியன். என்.பி.க்கு மட்டும் இல்லை, அத்தனை வகை நர்சிங் படிப்புக்கும் சேர்த்து. வகுத்துப் பார்த்துக்கோங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அமெரிக்கா இதைச் சரி பண்றது எப்படின்னு ஒரு தடவை சோதிச்சே பார்த்துடுச்சு. ஒபாமா காலத்து 2010 மருத்துவச் சட்டத்துலயே அதுக்கு இடம் இருந்தது. 2012ல இருந்து 2018 வரைக்கும் அஞ்சு ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் பணம் 200 மில்லியன் டாலர் வரைக்கும் ஒதுக்கி, என்.பி. மாதிரி உயர்படிப்பு நர்ஸுங்களுக்கு கிளினிக்கல் பயிற்சி கொடுங்கன்னு சொன்னாங்க. அதுல பாதிக்குக் குறையாத பயிற்சி ஆஸ்பத்திரிக்கு வெளியே, சமுதாயக் கிளினிக்குகள்ல நடக்கணும்னு நிபந்தனை. அந்த அஞ்சுல ஒண்ணு ஹூஸ்டன்லயே இருக்கற மெமோரியல் ஹெர்மன். படிச்சு வெளிய வந்தவங்க எண்ணிக்கை கூடுச்சு. அப்புறம்? காலம் முடிஞ்சது, மூடிட்டாங்க. பைலட் ப்ராஜெக்ட் சக்சஸ், அதனால ப்ராஜெக்ட் க்ளோஸ். நான் வேலை பார்த்த எல்லா கம்பெனியிலும் இந்தக் கூத்தைப் பார்த்திருக்கேன், ஆனா அங்க யாருக்கும் உடம்பு சரியில்லாம போகலை.

இப்ப டாக்டர்கள் தரப்புக்கு வர்றேன். அவங்க சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அதை மறைச்சா இந்தப் பதிவு வெறும் குடும்பப் பாசம் ஆயிடும். 750 மணி நேரம்னா வாரத்துக்கு 40 மணி வீதம் பத்தொன்பது வாரம்கூட ஆகாது. ஃபேமிலி மெடிசின் டாக்டர் ரெசிடென்சி மூணு வருஷம். வருஷத்துக்கு 48 வாரம், வாரத்துக்கு 60 மணின்னு கம்மியா வெச்சுக்கிட்டாலும் 8,640 மணி நேரம். மெடிக்கல் காலேஜ் தனி. இதையும் சொல்லணும்: நான் கேம்பஸ்ல வேலை கிடைச்சு சேர்ந்தப்போ கம்பெனி மூணு மாசம் உட்கார வெச்சு சொல்லிக்கொடுத்தது. நாளைக்கு எட்டு மணி வீதம் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 500 மணி. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட லாகின் ஸ்கிரீனைத் திருத்தறதுக்கு, அதுவும் சம்பளத்தோட! 2022 வரைக்கும் மனுஷ உடம்புக்கு மருந்து எழுதறவங்களுக்கு இந்த நாட்டு விதி கேட்ட குறைஞ்சபட்சப் பயிற்சியும் அதே அளவுதான்.

அக்காவுக்கு அந்த 750க்குப் பின்னால பதினெட்டு வருஷ வார்டு அனுபவம் இருக்கு. 1965ல கொலராடோ பல்கலைக்கழகத்துல லொரெட்டா ஃபோர்டுங்கிற நர்ஸும் ஹென்றி சில்வர்ங்கிற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் படிப்பை முதன்முதல்ல ஆரம்பிச்சப்போ மனசுல வெச்சிருந்ததும் அந்த மாதிரி அனுபவப்பட்ட நர்ஸைத்தான். அந்த அம்மா 104 வயசு வரைக்கும் இருந்து 2025 ஜனவரியிலதான் காலமானாங்க. இன்னைக்கு வார்டு வாசனையே இல்லாம, வேற ஏதோ டிகிரி வெச்சுக்கிட்டு நேரா நர்சிங், அப்படியே நேரா என்.பி.ன்னு போற குறுக்கு வழிப் படிப்பும் இருக்கு. விண்ணப்பிச்சவங்க எல்லாருக்கும் சீட்டுன்னு கடை விரிச்சிருக்கற காலேஜும் இருக்கு. 2024ல ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் இதைப் பத்தி நீளமா எழுதி நாறடிச்சது. நர்ஸ் சங்கங்கள் அதுக்குக் கோபப்பட்டாங்க. கோபம் காலேஜ்கள் மேல வந்திருந்தா நான் கைதட்டியிருப்பேன்.

அதே நேரத்துல என்.பி. பார்த்தா ஆபத்துன்னு பொத்தாம்பொதுவா பேசறதுக்கும் ஆதாரம் கிடையாது. 2000ல ஜாமா இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு, நியூயார்க்ல 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில டாக்டருக்கும் என்.பி.க்கும் பிரிச்சு அனுப்பி, ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தது. உடல்நிலையில வித்தியாசம் இல்லை. ஆறு மாசம் சின்னக் காலம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுல வேலை பார்த்தவங்க ஒழுங்கா பயிற்சி எடுத்தவங்க. இவங்களால முடியும்னுதான் அந்த ஆய்வு சொல்லுது. எப்படிப் பயிற்சி கொடுத்தாலும் முடியும்னு சொல்லலை. நர்ஸ் சங்கங்கள் முதல் பாதியை மட்டும் படிக்குது, டாக்டர் சங்கம் ஆய்வையே படிக்கறதில்லை.

சரிப்பா, பயிற்சி பத்தலைன்னு டாக்டர் சங்கத்துக்கு அவ்வளவு கவலைன்னா என்ன பண்ணணும்? பயிற்சியைக் கூட்டச் சொல்லணும். எங்க கிளினிக்குல இடம் தர்றோம், வாங்கன்னு சொல்லணும். அவங்க கேட்கறது என்ன தெரியுமா? கையெழுத்து.

டெக்ஸாஸ்ல ஒரு என்.பி. மருந்துச்சீட்டு எழுதணும்னா ஒரு டாக்டரோட ஒப்பந்தம் வேணும். 2013ல திருத்தின சட்டப்படி பொதுவா ஒரு டாக்டர் ஏழு பேர் வரைக்கும் இப்படி ஒப்பந்தம் போடலாம். மாசம் ஒரு கூட்டம், சில ஃபைல்களைப் புரட்டிப் பார்க்கறது. நல்ல டாக்டர் கிடைச்சா இது உண்மையான துணை, மறுக்கலை. கிடைக்கலைன்னா? அக்காவோட தோழி ஒருத்தங்க சொந்தமா சின்னதா ஒரு கிளினிக் வெச்சிருக்காங்க. ஒப்பந்தம் போட்ட டாக்டருக்கு மாசம் ஆயிரம் டாலர் கட்டுறாங்க. அவர் இதுவரைக்கும் ஒரு நோயாளியைக்கூட நேர்ல பார்த்தது இல்லை. இதுக்குப் பேரு மேற்பார்வையா, மாச வாடகையா?

எல் பாசோவுல இருந்து முக்கால் மணி நேரம் காரை ஓட்டினா லாஸ் க்ரூசஸ். அது நியூ மெக்ஸிகோ. அங்க அதே படிப்பு, அதே தேர்வு எழுதின என்.பி. யார் கையெழுத்தும் இல்லாம கிளினிக் நடத்தலாம். மாநில எல்லையைத் தாண்டினா மனுஷ உடம்பு மாறிடுதா? பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்தக் கையெழுத்தை எடுத்தாச்சு. முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல 2016லேயே எடுத்தாச்சு.

நியூயார்க், ஃப்ளோரிடா, கலிபோர்னியா மூணும் வேற ஒரு வழி பண்ணுது. லைசென்ஸ் வாங்கின பிறகு முறையே 3,600 மணி, 3,000 மணி, 4,600 மணி அனுபவம் ஆனா தனியா இயங்கலாம்னு ஆளுக்கு ஒரு நிபந்தனை. ஃப்ளோரிடாவுல அது பிரைமரி கேர் மாதிரி சில பிரிவுகளுக்கு மட்டும். கவனிச்சுப் பாருங்க, எழுநூத்தி அம்பது போதாதுன்னு அவங்களே சொல்லாம சொல்றாங்க. அந்த மூவாயிரம் சொச்சம் மணி நேரத்துல யாராவது முறையா சொல்லிக்கொடுக்கறாங்களா, இல்லை மலிவான ஆள்னு நாளைக்கு இருபத்தஞ்சு பேஷன்ட்டைத் தள்ளிவிடறாங்களான்னு கேட்க ஆள் இல்லை. கனெக்டிகட்ல ஒரு சமுதாய மருத்துவ அமைப்பு 2007ல இருந்து புது என்.பி.களுக்கு ஒரு வருஷ ரெசிடென்சி நடத்துது, சம்பளத்தோட. அதைப் பார்த்து இன்னும் பல இடங்கள்ல ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா சேர்ந்தாலும் சரி, சேராட்டியும் சரி. கட்டாயம் இல்லை, நிலையான நிதியும் இல்லை. டாக்டர் ரெசிடென்சி முடிக்காம இங்க தொழில் பண்றதை யாராவது கற்பனை பண்ண முடியுமா?

காசு விஷயம் இன்னொண்ணும் இருக்கு. என்.பி. தன் பேர்ல பில் போட்டா மெடிகேர் கொடுக்கறது டாக்டர் ரேட்டுல 85 சதவீதம். அதே வேலையை டாக்டர் பேர்ல, சில நிபந்தனைகளோட பில் போட்டா 100 சதவீதம். அதனால பல கிளினிக்குகள்ல பார்த்தது இவங்க, பில்லு அவர் பேர்ல. விருந்துல புலம்பினாரே நம்ம நண்பர், பில்லு மட்டும் முழுசா வருதுன்னு, அவர் யாரைத் திட்டணும்னு இப்ப தெரியுதா?

நர்சிங் கல்வித்துறை பெரியவங்க இந்தப் பிரச்சினைக்குக் கண்டுபிடிச்ச மருந்து என்ன? இன்னும் பெரிய டிகிரி! 2004ல அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம், 2015க்குள்ள இந்தப் படிப்பு எல்லாம் டாக்டரேட் ஆகணும்னு தீர்மானம் போட்டது. 2015 வந்தது, போச்சு. 2018ல என்.பி. ஆசிரியர் அமைப்பு, சரி 2025க்குள்ளன்னு சொன்னது. அதுவும் போச்சு. மாஸ்டர்ஸ் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. டாக்டரேட்ல பயிற்சி மொத்தம் 1,000 மணி நேரம்னு வெச்சிருக்காங்க. கூடுற 250 மணியில எவ்வளவு நோயாளி பக்கத்துல, எவ்வளவு தலைமைப்பண்பு, தர மேம்பாட்டு ப்ராஜெக்ட், பவர்பாயின்ட்டுன்னு படிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க. அக்காகிட்ட கேட்டேன். "இன்னொரு பேப்பர் எழுதறதுக்கு இன்னொரு கடன் வாங்கணுமா மக்ளே?"ன்னாங்க.

கடன்னதும் ஞாபகம் வருது. 2025 ஜூலையில கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், மேல்படிப்புக்கான கிராட் ப்ளஸ் கடனை 2026 ஜூலை 1ல இருந்து புதுசா வாங்கறவங்களுக்கு நிறுத்தறதா சொல்லுது. சாதாரண மேல்படிப்புன்னா வருஷத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். தொழிற்படிப்புன்னா வருஷத்துக்கு 50,000, மொத்தம் ரெண்டு லட்சம். எது தொழிற்படிப்புன்னு 2025 நவம்பர்ல கல்வித்துறை கூட்டின குழு ஏத்துக்கிட்ட வரைவுல மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருக்கு. இறையியல் இருக்கு. முதுகெலும்பை நெட்டி முறிச்சுவிடுற கைரோபிராக்டிக்கூட இருக்கு. நர்சிங் இல்லை!

நர்ஸுங்க கொதிச்சுப் போனாங்க. அவமானம்கிற அளவுல நானும் கொதிக்கறேன். ஆனா ஒரு விஷயத்துல நான் கொஞ்சம் தள்ளி நிக்கறேன். பெரும்பாலான நர்ஸுங்க அந்த வரம்புக்குள்ளதான் கடன் வாங்கறாங்கன்னு கல்வித்துறை சொல்றது முழுப் பொய் இல்லை. எவ்வளவு கேட்டாலும் கடன் கிடைக்கும்னு இருந்ததாலதான் பல கடைகள் இஷ்டத்துக்கு ஃபீஸ் ஏத்துச்சு. ரெண்டு லட்சம் கடன் வாங்குற உரிமையை ஜெயிச்சு, அதைக் கொண்டு போய் ப்ரிசெப்டர்கூட பிடிச்சுத் தராத காலேஜ்ல கட்டறது வெற்றியா? டாக்டரோட பயிற்சிக்கு மானியம், நர்ஸோட பயிற்சிக்குக் கடன். சண்டை போட வேண்டிய இடம் இதுதான். கடன் உச்சவரம்பு எவ்வளவுங்கிறது அதுக்கு அப்புறம் வர்ற கணக்கு.

இத்தனைக்கும் பணத்துக்காகத்தான் இந்தப் படிப்புக்குப் போறாங்கன்னு சொன்னா சிரிப்பு வரும். 2023 கணக்குப்படி சராசரி நர்ஸோட இடைநிலை வருமானம் 86,070 டாலர், என்.பி.க்கு 126,260. கேட்க நல்லா இருக்கு. ஆனா பல வருஷ அனுபவம், ராத்திரி ஷிப்ட், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து சம்பாதிக்கற சீனியர் நர்ஸுக்கு, புது என்.பி. வேலையில கிடைக்கறது அதே அளவோ கொஞ்சம் கம்மியோதான். படிச்ச காலத்துல விட்ட ஷிப்ட்டு, ஃபீஸு, புரோக்கர் கூலி தனி.

நம்ம ஊரை இழுக்காம இருக்க முடியலை. இந்தியன் நர்சிங் கவுன்சில் சில வருஷம் முன்னால கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர்னு ஒரு எம்.எஸ்சி. கொண்டுவந்தது. ரெண்டு வருஷம், ரெசிடென்சி முறை. வகுப்பறை கொஞ்சம், பெரும்பகுதி நேரம் ஐசியூ கட்டில் பக்கத்துல. படிச்சு முடிச்சா அவங்களுக்கு என்ன பதவி, என்ன அதிகாரம்கிறது தனிச் சண்டை, அதை இன்னொரு பதிவுல வெச்சுக்கலாம். ஆனா கத்துக்கற இடம் ஆஸ்பத்திரிதான், அதைத் தர வேண்டியது படிப்பை நடத்தறவங்கதான்கிற எளிய விஷயம் அந்தத் திட்டத்துல இருக்கு. அமெரிக்காவுக்கு அது ஏன் எட்டலைன்னு கேட்டா, எட்டுச்சு, ஹூஸ்டன்லயே ஆறு வருஷம் நடத்திட்டு மூடிட்டாங்க.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பயிற்சி இடம் கையில இல்லாத காலேஜுக்கு அங்கீகாரம் கொடுக்காதே. பத்து இடம் இருந்தா பத்து பேரைச் சேர். சொல்லிக்கொடுக்கற டாக்டருக்கும் என்.பி.க்கும் அவங்க நேரத்துக்கு மெடிகேர் பணம் கொடு. லைசென்ஸ் வாங்கினதும் ஒரு வருஷம் சம்பளத்தோட ரெசிடென்சி கட்டாயம் ஆக்கு. அப்புறம் அந்த டெக்ஸாஸ் கையெழுத்தைத் தூக்கிக் குப்பையில போடு. டாக்டர் சங்கம் முதல் மூணுக்கு ஒத்துக்கிட்டு நாலாவதை எதிர்த்தாக்கூட நான் உட்கார்ந்து பேசத் தயார். முதல் மூணைப் பத்தி வாயே திறக்காம நாலாவதுக்கு மட்டும் கொடி பிடிச்சா, நோயாளி பாதுகாப்புங்கிற வார்த்தையை தயவுசெஞ்சு உபயோகிக்காதீங்க.

அக்காவுக்கு இன்னும் ஒரு ரொடேஷன் பாக்கி. முதியோர் பிரிவு, 180 மணி நேரம். செமஸ்டர் ஆரம்பிக்க ஆறு வாரம்தான் இருக்கு, இடம் இன்னும் கிடைக்கலை. இந்த தடவை புரோக்கருக்குக் கட்ட மாட்டேன்னு பிடிவாதமா இருக்காங்க. ஹூஸ்டன், கேட்டி, ஷுகர் லேண்ட் பக்கம் இதைப் படிக்கிற டாக்டரோ என்.பி.யோ இருந்தா, இல்லை அப்படி யாரையாவது தெரிஞ்சிருந்தா, பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. ஸ்பானிஷ் பேசுவாங்க, மலையாளமும் வரும், ராத்திரி எத்தனை மணிக்கு வரச் சொன்னாலும் வருவாங்க.